எஃப்ஆர்ஆர் ரவுட்டிங் மென்பொருள்: முழு எண்களின் அகலத்தை முன்வைத்து ஒரு மதிப்புரை

நெட்வொர்க்கில் தரவுக்கு வழிகாட்டும் ரவுட்டிங் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானோர் அது எந்தெந்த நெறிமுறைகளை ஆதரிக்கிறது, எத்தனை ரூட்களை (வழிகளை) தாங்குகிறது, இணைப்பு அறுந்தால் எவ்வளவு விரைவில் மாற்றுவழி காண்கிறது என்பவற்றைத்தான் பார்க்கிறார்கள். நான் அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஓர் எண் தனக்கு ஒதுக்கப்பட்ட பிட்களுக்குள் அடங்காமல் போகும்போது அந்த மென்பொருள் மறுக்கிறதா, வரம்பிலேயே நிறுத்திக்கொள்கிறதா, அல்லது ஒன்றும் சொல்லாமல் வேறோர் எண்ணாக மாற்றிவிடுகிறதா என்பதே அது. சில ஆண்டுகளாக எஃப்ஆர்ஆரை லினக்ஸ் கணினிகளில் ரவுட்டராகவும், பேர்ட் மென்பொருளைப் பல நெட்வொர்க்குகளுக்கிடையே ரூட்களைப் பரிமாறித்தரும் ரூட் செர்வராகவும் இயக்கிவருபவன் என்ற முறையில், இந்த ஒரு கோணத்திலிருந்து மட்டும் எஃப்ஆர்ஆரை மதிப்பிட விரும்புகிறேன். பேர்ட் இங்கே ஒப்பீட்டுக்காக மட்டும் வருகிறது. இரண்டுமே கட்டணமில்லாத திறமூல மென்பொருள்கள் என்பதால் விலை பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எஃப்ஆர்ஆர் 2017இல் குவாகாவிலிருந்து பிரிந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்த திட்டம். குவாகாவோ 1996இல் குனிஹிரோ இஷிகுரோ தொடங்கிய ஜீப்ராவின் கிளை. ஆகவே இன்று நாம் நிறுவும் எஃப்ஆர்ஆரின் மூலநிரலில் முப்பது ஆண்டுப் பழக்கவழக்கங்கள் படிந்திருக்கின்றன. பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்தவர்களுக்கு இது புரியும்: சுவர் புதுச்சுண்ணாம்பில் பளிச்சென்று இருக்கும், மின்கம்பி மட்டும் தாத்தா காலத்தது.

நெட்வொர்க்கில் ஒரு முழு எண் எத்தனை பிட் அகலம் இருக்க வேண்டும் என்பதை நிரலர் தன் விருப்பப்படி தீர்மானிக்க முடிவதில்லை. பாதி முடிவை நெறிமுறை ஆவணங்கள் எப்போதோ எடுத்துவிட்டன. நெட்வொர்க்குகள் தங்களுக்குள் ரூட்களைப் பரிமாறும் நெறிமுறையான பிஜிபியின் செய்தி நீளத்துக்கு 16 பிட், ஏஎஸ் பாதையின் (ரூட் கடந்துவந்த நெட்வொர்க்குகளின் அடையாள எண்களான ஏஎஸ் எண்களின் வரிசை) ஒரு துண்டில் எத்தனை எண்கள் உள்ளன என்பதற்கு 8 பிட், லோக்கல் பிரிஃபரன்ஸுக்கு 32 பிட், ஒரு நெட்வொர்க்கின் உள்ளே வழி காணும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்பில் ஓர் இணைப்பின் காஸ்டுக்கு (செலவுக்கு) 16 பிட், அதே ஓஎஸ்பிஎஃப்பில் வெளியிலிருந்து வரும் ரூட்டின் மெட்ரிக்குக்கு (வழியின் மொத்தச் செலவுக்கு) 24 பிட், பாக்கெட்டில் ஒட்டப்படும் எம்பிஎல்எஸ் லேபிளுக்கு 20 பிட். ரிப் என்ற பழைய ரவுட்டிங் நெறிமுறையில் பாக்கெட்டுக்குள் மெட்ரிக்குக்கென்று 32 பிட் இடம் தாராளமாக விடப்பட்டிருக்கிறது, ஆனால் 16 என்றாலே அது முடிவிலி, அதாவது எட்ட முடியாத இடம். நிரலரின் கையில் எஞ்சுவது, இந்த எண்களை நினைவகத்தில் எந்த அகலத்தில் வைப்பது, பயனர் தட்டச்சு செய்யும் எண்ணை எந்த வரம்புக்குள் ஏற்பது, கூட்டலோ கழித்தலோ விளிம்பைத் தாண்டினால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகள்தான்.

இரண்டாவது கேள்வியை அலட்சியமாக விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2009 பிப்ரவரி 16 அன்று நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. செக் நாட்டின் சிறிய இணையச் சேவை நிறுவனம் ஒன்று, தன் ஏஎஸ் எண்ணைப் பாதையில் எத்தனை முறை திரும்பச் சேர்க்க வேண்டும் என்று ரவுட்டர் கேட்ட இடத்தில், எண்ணிக்கைக்குப் பதிலாக ஏஎஸ் எண்ணையே எழுதியதாக அப்போது ஆராய்ந்தவர்கள் முடிவுசெய்தார்கள். அந்த எண் 47868. ரவுட்டர் அதை மறுக்காமல், 8 பிட்டுக்குள் அடங்கிய மிச்சத்தை எடுத்துக்கொண்டது. 47868ஐ 256ஆல் வகுத்தால் மீதி 252. பாதையில் அந்த ஏஎஸ் எண் 252 முறை வரிசையாக நின்றது. அறிவிப்பு உலகெங்கும் பரவியபோது, 255ஐ நெருங்கும் பாதைகளைக் கையாளத் தெரியாத பழைய ரவுட்டர்கள் அண்டை ரவுட்டருடனான பிஜிபி தொடர்பை முறித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் தொடங்கின. ஒரு நாழியில் நான்கு நாழி கொள்ளாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் படியில் அளக்கும்போது மிஞ்சியது வழிந்து தரையில் கொட்டுவதைக் கண்ணால் பார்க்கிறோம். கணினியில் வழிந்தது மறைந்துபோய், மிச்சமிருக்கும் சிறிய அளவே முழு அளவு என்று நம்மிடம் சொல்லப்படுகிறது.

எஃப்ஆர்ஆரில் இதே வேலையைச் செய்யும் கட்டளையை எழுதிப் பார்த்தேன். ரூட்களைத் திருத்தும் விதித்தொகுப்பான ரூட்-மேப்பில் "செட் ஏஎஸ்-பாத் பிரிபெண்ட் லாஸ்ட்-ஏஎஸ்" என்று எழுதி எண்ணிக்கை தரும்போது அது 1 முதல் 10 வரை மட்டுமே ஏற்கிறது. 47868 என்று எழுதினால் கட்டளையே செல்லாது என்கிறது. 8 பிட் இடம் 255 வரை கொள்ளும் என்பதற்காக 255 வரை அனுமதிக்காமல், நடைமுறையில் யாருக்கும் பத்துக்கு மேல் தேவைப்படாது என்று மனித அறிவைக் கொண்டு வரம்பிட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சேமிப்பிடத்தின் அகலம் வேறு, பொருளுள்ள மதிப்பின் வரம்பு வேறு என்பதை இந்தக் கட்டளையை எழுதியவர் உணர்ந்திருக்கிறார்.

மூலநிரலுக்குள் போனால், 2018இல் நடந்த ஒரு பெருந்துப்புரவைக் குறிப்பிட வேண்டும். ஜீப்ரா காலத்து நிரலில் யு_சார், யு_ஷார்ட், யு_லாங் போன்ற தரப்படுத்தப்படாத வகைப்பெயர்கள் எங்கும் நிறைந்திருந்தன. அந்த ஆண்டு அவற்றையெல்லாம் களைந்து, சி மொழியின் சி99 தரம் கூறும் யுஇன்ட்8_டி, யுஇன்ட்16_டி, யுஇன்ட்32_டி முதலிய வகைகளையும், அகலம் முக்கியமில்லாத இடங்களில் சாதாரண வகைகளையும் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் பெயர் மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் "லாங்" என்ற வகை 32 பிட் லினக்ஸில் 32 பிட்டாகவும் 64 பிட் லினக்ஸில் 64 பிட்டாகவும் இருக்கிறது. சிறிய ஏஆர்எம் ரவுட்டரிலும் பெரிய சர்வரிலும் ஒரே மென்பொருளை இயக்குபவருக்கு, ஒரு கவுன்ட்டர் ஓரிடத்தில் சுழன்று பூஜ்யத்துக்குத் திரும்புவதும் இன்னோரிடத்தில் தொடர்ந்து ஏறுவதும் தலைவலி தரும் வேறுபாடு. பெயரிலேயே அகலத்தைச் சொல்லும் வகைகள் வந்தபின் நிரலைப் படிப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை. எஃப்ஆர்ஆர் போன்ற பழைய நிரலில் இதைச் செய்ய எத்தனை கோப்புகளைத் தொட்டிருக்க வேண்டும் என்று நினைத்தாலே அயர்ச்சியாக இருக்கிறது. செய்தவர்களுக்கு என் மரியாதை.

பாக்கெட்டிலிருந்து எண்களை எடுக்கும் இடத்திலும் ஒழுங்கு தெரிகிறது. சுட்டியை வகைமாற்றி நேரடியாகப் படிக்காமல், ஸ்ட்ரீம் என்ற நூலகத்தின் வழியே ஒரு பைட், இரண்டு பைட், நான்கு பைட், எட்டு பைட் என்று அகலத்துக்கு ஒரு செயற்கூறாக வைத்துப் படிக்கிறார்கள். மூன்று பைட்டுக்கும் தனிச் செயற்கூறு இருக்கிறது. சி மொழியில் 24 பிட் முழு எண் வகை கிடையாது, ஆனால் நெட்வொர்க் உலகில் விஎக்ஸ்லான் என்ற மெய்நிகர் நெட்வொர்க்கின் அடையாள எண்ணும் ஐஎஸ்-ஐஎஸ் என்ற ரவுட்டிங் நெறிமுறையின் அகல மெட்ரிக்கும் 24 பிட்டில்தான் வருகின்றன. அப்படி வந்ததை 32 பிட் மாறியில் வைத்துக்கொண்டு, திரும்ப அனுப்பும்போது மேல் எட்டு பிட் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது நிரலரின் பொறுப்பு.

நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காக எண்களைக் குறுக்குவது பற்றியும் ஒரு சொல். இன்றைய ஐபிவி4 இணைய அட்டவணை ஏறத்தாழ பத்து லட்சம் ரூட்கள் கொண்டது. ஒவ்வொரு ரூட்டிலும் நான்கு பைட் கூடினால் மொத்தம் 40 லட்சம் பைட், அதாவது சுமார் 4 மெகாபைட். இன்றைய கணினிக்கு இது பொருட்டே அல்ல. மேலும், 32 பிட் மாறிகளுக்கு நடுவில் ஓர் 8 பிட் மாறியைச் செருகினால் கம்பைலர் அதன் பக்கத்தில் மூன்று பைட்டை வெற்றிடமாக விட்டுவிடுவதால், மிச்சம் பிடித்ததாக நாம் நினைப்பது பல நேரம் மிச்சமே இல்லை. எஃப்ஆர்ஆரில் முகவரி முன்னொட்டின் நீளத்தை வைக்கும் மாறிக்கு இதுதான் நேர்ந்தது. ஐபிவி4க்கு அதிகபட்சம் 32, ஐபிவி6க்கு 128 என்பதால் முதலில் 8 பிட்டே போதுமானதாக இருந்தது. ஆனால் அதே கட்டமைப்பை ஈவிபிஎன் (ஈதர்நெட் முகவரிகளைப் பிஜிபி வழியே பரப்பும் முறை) ரூட்களுக்கும் பயன்படுத்தத் தொடங்கியபோது, அங்கே நீளம் என்பது ரூட்டின் முழு அடையாளத்தையும் பிட்களில் எண்ணிய தொகை. அது 255ஐத் தாண்டிவிட வாய்ப்புண்டு. இப்போது அது 16 பிட். முகவரி தொடங்குவதற்கு முன்னால் ஏற்கெனவே வெற்றிடம் இருந்ததால், அகலப்படுத்தியதற்கு நினைவகத்தில் விலை ஏதும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முதலிலேயே 16 வைத்திருந்தால் பின்னால் வந்தவர்களின் நேரம் மிச்சமாகியிருக்கும்.

இனி மூன்றாவது கேள்வி. இதில்தான் எஃப்ஆர்ஆருக்கும் பேர்டுக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். லோக்கல் பிரிஃபரன்ஸ் என்பது எண் பெரிதானால் விருப்பம் கூடும் என்ற முறையில் இயங்கும் குறியற்ற 32 பிட் எண். வழக்கமான மதிப்பு 100. மாற்று இணைப்பு வழியாக வரும் ரூட்களின் மதிப்பை 150 குறைக்கும்படி இரண்டு மென்பொருள்களிலும் எழுதினேன். அடிப்படை மதிப்பு 200 என்று நினைத்துக்கொண்டு ஒருவர் இப்படி எழுதுவது முற்றிலும் இயல்பான பிழை. எஃப்ஆர்ஆரின் ரூட்-மேப்பில் "செட் லோக்கல்-பிரிஃபரன்ஸ் -150" என்று எழுதியபோது ரூட்டின் மதிப்பு 0 ஆனது. கழிக்கப்படும் எண் பெரியதா என்று முதலில் பார்த்துவிட்டு, பெரியதானால் பூஜ்யத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். கூட்டும்போதும் அவ்வாறே 4294967295இல் நிறுத்துகிறார்கள். மாற்று இணைப்பு கடைசி விருப்பமாக இருக்க வேண்டும் என்ற என் நோக்கம் பிழைபட எழுதியபோதும் காப்பாற்றப்பட்டது.

ரூட்-மேப்பின் வேலையைப் பேர்டில் செய்யும் ஃபில்டரில், பிஜிபி_லோக்கல்_பிரெஃப்பிலிருந்து 150ஐக் கழித்தபோது கிடைத்த மதிப்பு 4294967246. கடைசியில் நிற்க வேண்டிய ரூட், உலகிலேயே மிக விரும்பத்தக்க ரூட்டாக முதலிடத்துக்கு வந்துவிட்டது. இது ஒளிந்திருந்த பிழை அன்று. ஃபில்டர் மொழியின் முழு எண் குறியற்ற 32 பிட் கொண்டது என்றும், நிரம்பி வழிதல் சோதிக்கப்படுவதில்லை என்றும் பேர்டின் ஆவணம் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறது. ஆவணத்தைப் படிக்காமல் எழுதியவன் ஏமாந்தால் அது அவன் குற்றமே. ஆயினும் நள்ளிரவில் ஃபில்டர் திருத்துபவர் ஆவணத்தின் அந்த ஒரு வரியை நினைவில் வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். என் ரூட் செர்வரில் கழித்தல் குறியையே தடைசெய்துவிட்டு, முதலில் ஒப்பிட்டுப் பிறகு கழிக்கும் சிறிய செயற்கூறு ஒன்றை எழுதி எல்லா ஃபில்டர்களிலும் அதையே அழைக்கிறேன்.

பேர்டுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அகலங்களை மொழியின் வகைகளிலேயே வெளிப்படையாக வைத்திருப்பதில் அது எஃப்ஆர்ஆரைவிட மேல். ரூட்டில் ஒட்டும் குறிச்சொல்லான சாதாரண பிஜிபி கம்யூனிட்டிக்கு "பேர்" (இணை) என்ற வகை, அதன் இரு பாதிகளும் 0 முதல் 65535 வரை. 2017இல் ஆர்எஃப்சி 8092 என்ற நெறிமுறை ஆவணம் கொண்டுவந்த பெரிய கம்யூனிட்டிக்கு மூன்று 32 பிட் எண்கள் கொண்ட தனி வகை. ஏஎஸ் எண்கள் 16 பிட்டிலிருந்து 32 பிட்டுக்கு வளர்ந்தபின் பழைய கம்யூனிட்டியின் பாதியில் புதிய ஏஎஸ் எண் நுழையாது என்பதே பெரிய கம்யூனிட்டி பிறந்த காரணம். பேர்டில் ஃபில்டர் எழுதுபவருக்கு அது வகையின் பெயரிலேயே நினைவூட்டப்படுகிறது. எஃப்ஆர்ஆரில் கட்டளை மறுக்கப்படும்போதுதான் உறைக்கிறது.

எஃப்ஆர்ஆரின் கட்டளைகளில் ஒருமைப்பாடு இல்லாத இடங்களும் உண்டு. பிஜிபியின் வெயிட் என்ற விருப்ப மதிப்பை அண்டை ரவுட்டருக்கென்று கொடுத்தால் 65535 வரைதான் ஏற்கிறது. அதே மதிப்பை ரூட்-மேப்பில் கொடுத்தால் 4294967295 வரை ஏற்கிறது. வெயிட் பாக்கெட்டில் பயணிப்பதே இல்லை. அந்த ரவுட்டருக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகிறது. எனவே எந்த நெறிமுறையும் இந்த வேறுபாட்டை அவர்கள்மீது சுமத்தவில்லை. ஓஎஸ்பிஎஃப்பில் இணைப்பின் காஸ்ட் 65535 வரை, மறுவிநியோகிக்கும் மெட்ரிக் 16777214 வரை என்று இருப்பதில் குறை சொல்ல முடியாது, ஏனெனில் 24 பிட்டின் உச்சமான 16777215 முடிவிலியைக் குறிக்கிறது. இங்கே வரம்பு ஒன்று குறைவாக இருப்பது கவனத்தின் அடையாளம். வெயிட்டில் இருப்பது கவனக்குறைவின் அடையாளம்.

எண்களின் சுழற்சியைப் பற்றிப் பேசும்போது எந்தச் செய்தி புதியது என்று காட்டும் ஓஎஸ்பிஎஃப்பின் வரிசை எண்ணை விட்டுவிட மனமில்லை. 1980 அக்டோபர் 27 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் முழுவதும் முடங்கியதற்கு 6 பிட் வரிசை எண்ணும் ஒரு காரணம். வன்பொருள் கோளாறால் பிட்கள் உதிர்ந்து, ஒரே ரவுட்டரின் பெயரில் 8, 40, 44 என்ற மூன்று வரிசை எண்களோடு செய்திகள் உலவின. சுழலும் ஒப்பீட்டில் 40 எட்டைவிடப் புதியது, 44 நாற்பதைவிடப் புதியது, எட்டோ 44ஐவிடப் புதியது. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அவை ஓயவே இல்லை. ஓஎஸ்பிஎஃப் சுழற்சியையே கைவிட்டு, குறியுள்ள 32 பிட் எண்ணை எதிர்ம விளிம்பிலிருந்து நேராக மேலே எண்ணுகிறது. ஐந்து வினாடிக்கு ஒன்று என்ற உச்ச வேகத்தில் போனாலும் தீர 680 ஆண்டுகள் ஆகும். எஃப்ஆர்ஆரில் இந்தப் பகுதியில் எனக்கு எந்தத் தொல்லையும் வந்ததில்லை.

தொல்லை தந்தது இணைப்பின் அலைவரிசையை, அதாவது அதன் கொள்ளளவை, பிஜிபியில் சொல்லும் எக்ஸ்டெண்டட் கம்யூனிட்டி. வெவ்வேறு வேகமுள்ள இணைப்புகளில் போக்குவரத்தை விகிதப்படி பங்கிட இது உதவுகிறது. நெறிமுறை வரைவின்படி அந்த 32 பிட்டில் இருக்க வேண்டியது வினாடிக்கு எத்தனை பைட் என்பதன் ஐஇஇஇ மிதவைப்புள்ளி வடிவம் (எண்ணைப் பின்னம், அடுக்கு என்று பிரித்து எழுதும் முறை). எஃப்ஆர்ஆரின் பழைய பதிப்புகள் அங்கே சாதாரண முழு எண்ணை வைத்தன. பின்னால் திருத்திவிட்டு, பழைய அண்டைகளோடு பேசுவதற்காக ஒவ்வொரு அண்டைக்கும் ஒரு விலக்குக் கட்டளையைக் கொடுத்தார்கள். அந்தக் கட்டளையை எழுத மறந்தால் என்ன ஆகும் என்று காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கிகாபிட் என்பது வினாடிக்கு 12,50,00,000 பைட். மிதவைப்புள்ளி வடிவத்தில் உள்ள அதே பிட்களை முழு எண்ணாகப் படித்தால் 1290693416, அதாவது 10.33 கிகாபிட். பத்து கிகாபிட் இணைப்பின் பிட்களை அவ்வாறே படித்தால் 1318388473, அதாவது 10.55 கிகாபிட். பத்து மடங்கு வேறுபட்ட இரண்டு இணைப்புகள் அண்டையின் கண்ணுக்கு ஏறத்தாழச் சமமாகத் தெரியும். போக்குவரத்தைப் பாதிப்பாதியாகப் பிரித்து, சிறிய இணைப்பை மூச்சுமுட்ட வைக்கும். அகலம் இரு பக்கமும் 32 பிட்தான். அகலம் ஒத்துப்போனதாலேயே எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது.

அதோடு இன்னொரு குறுகல். ரூட்-மேப்பில் இந்த அலைவரிசையை 25600 மெகாபிட் வரைதான் எழுத முடியும். மிதவைப்புள்ளி வடிவம் கற்பனைக்கெட்டாத பெரிய எண்களையும் தாங்கும்; ஆனால் வினாடிக்கு இத்தனை பைட் என்று குறியற்ற 32 பிட் முழு எண்ணில் வைத்தால் 34 கிகாபிட்டைச் சற்றுத் தாண்டியதுமே இடம் தீர்ந்துவிடுகிறது. 100 கிகாபிட் இணைப்புகள் சாதாரணமாகிவிட்ட நாளில் இது சங்கடமான வரம்பு. 10 வரிசைப் பதிப்புகளில் "எக்ஸ்டெண்டட்-லிங்க்-பேண்ட்விட்த்" என்ற கட்டளையை அண்டைக்குக் கொடுத்தால் 4294967295 மெகாபிட் வரை எழுதலாம் என்றாகியிருக்கிறது; அது இயல்பாக அணைந்தே இருக்கிறது, இரு முனைகளும் புரிந்துகொண்டால்தான் பயன். என் நெட்வொர்க்கின் எதிர்முனையில் இன்னும் பழைய பதிப்பு ஓடுகிறது. அதனால் 40 கிகாபிட் இணைப்புக்கு 25600 என்றும் 10 கிகாபிட் இணைப்புக்கு 6400 என்றும் எழுதி, நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.